முதலில் படம்

முன்கையில் ஒரு வீக்கம். வலி இல்லை. பதினைந்து வயது. பந்து பட்டிருக்கும் என்று வீட்டில் நினைக்கிறார்கள்.

*

எம்.ஆர்.ஐ. அறையில் குளிர். இயந்திரம் தட்டுகிறது, நிற்கிறது, மறுபடி தட்டுகிறது. கையை அசைக்காமல் கிடக்கிறான். சுண்டுவிரல் மட்டும் ஒருமுறை துடிக்கிறது.

*

திரையில் தசை கருஞ்சாம்பல். கட்டி வெளிர்ந்து தெரிகிறது. நரம்பு அதற்குள்ளேயே புகுந்து போகிறது. ஓரத்திலிருந்து ஓரம் அளக்கிறார்கள். 5 சென்டிமீட்டர் இப்படிப்பட்ட கட்டிகளில் ஓர் எல்லைக்கோடு. அதைத் தாண்டியிருக்கிறது.

*

படத்துக்குப் பிறகுதான் திசு எடுக்கும் ஊசி. முந்தினால் ரத்தக் கசிவும் வீக்கமும் படத்தில் கலந்துவிடும்.

*

அறுவை மருத்துவர் தோலில் பேனாவால் குறிக்கிறார். கையின் நீளவாக்கில். என்றோ வெட்டப்போகும் கோட்டின் மேலேயே இன்று ஊசி நுழைய வேண்டும். ஊசி போன தடமும் அன்று கட்டியோடு வெளியே வரவேண்டும்.

குறித்த பிறகும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார். வெட்டும் நேரத்தைவிட இந்த நேரம் பெரிதாகத் தோன்றுகிறது.

*

ஊசியின் முடிவு வருகிறது. ராப்டோமயோசார்கோமா. தசையாக வேண்டிய செல்கள். ஆகாமலே பெருகுகின்றன.

*

நெஞ்சு சி.டி. மூச்சை இழுத்துப் பிடிக்கிறான். விடுகிறான். நுரையீரல் இரண்டும் சுத்தம்.

*

பெட் ஸ்கேனுக்கு முன் சுமார் ஒரு மணி நேரம் சும்மா படுத்திருக்க வேண்டும். வேலை செய்த தசையும் ஏற்றிய கதிரியக்கச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். போன் இல்லை. பேச்சு இல்லை. அதன் கதிர் 110 நிமிடத்தில் பாதியாகக் குறையும்.

*

அக்குள். தொட்டால் ஒன்றும் இல்லை. படத்திலும் இல்லை. கட்டி கையிலோ காலிலோ இருந்தால் அதை நம்பி விட்டுவிடுவதில்லை. கட்டியருகே நீலச் சாயம் ஏற்றுகிறார்கள். முதலில் நீலமாகும் நிணநீர்க் கணுவைத் தேடி எடுக்கிறார்கள்.

*

1972இல் அமெரிக்காவில் இந்த நோய்க்கெனத் தொடங்கிய ஆய்வுக் குழு நான்கு குரூப் வகுத்தது. முழுதும் எடுத்தாயிற்று என்றால் ஒன்று. நுண்ணோக்கியில் மட்டும் மிச்சம் என்றால் இரண்டு. கண்ணுக்கே தெரியும் மிச்சம், மூன்று. தொலைவில் பரவியிருந்தால் நான்கு.

உள்ளே விட்டுவந்ததை வைத்து எண்.

*

நரம்போடு சேர்த்து இன்றே எடுத்துவிடலாம். எண் குறையும். விரல்கள் மடங்காது.

எடுக்கவில்லை. முதலில் கீமோ. கட்டி சுருங்கட்டும், பிறகு பார்க்கலாம் என்கிறார் மருத்துவர். ஆகவே குரூப் மூன்று.

*

அம்மா கேட்கிறாள், "மூணுன்னா மோசமா டாக்டர்?"

"கையை விட்டுவச்சிருக்கோம்மா. அதனாலதான் மூணு."

அவன் எந்தக் கையால் எழுதுவான் என்று மருத்துவர் கேட்கிறார்.

"இந்தக் கைதான்."