உன் தோளுக்கு நீ தோள் கொடு!

பல்லைக் கடித்துக்கொண்டு வலியைப் பொறுப்பதுதான் வீரம் என்று உனக்கு யார் சொன்னது, தம்பி?

தை பிறந்து மிளகு பறிப்பு மும்முரமாக நடக்கிறது. சில்வர் ஓக் மரத்தில் சாய்த்த மூங்கில் ஏணி கொஞ்சம் நழுவுகிறது. விழாமலிருக்க ஒற்றைக் கையால் கிளையை எட்டிப் பிடிக்கிறாய். உயிர் தப்பிவிட்டது. ஆனால் உடம்பின் மொத்தப் பாரமும் அந்த ஒரு தோளில் இறங்க, உள்ளே 'படக்'கென்று ஏதோ அறுகிறது. அன்றிலிருந்து ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. சட்டைக்குள் கை நுழைக்க மனைவியைக் கூப்பிடுகிறாய். யாராவது கேட்டால் "சும்மா சுளுக்குதாண்ணா, எண்ணெய் தேச்சா சரியாப் போயிடும்" என்கிறாய். மாசம் மூணாகியும் சரியாகவில்லை. இப்போது "என் கை அவ்வளவுதான்" என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டாய்.

எழுந்திரு! உன் கை அவ்வளவுதான் என்று தீர்ப்பு எழுத உனக்கு அதிகாரமில்லை. ஒரு ஸ்கேன்கூட எடுத்துப் பார்க்காமல் நீயே உனக்கு எழுதிக்கொண்ட தீர்ப்பு அது. கிழித்துப் போடு!

நீ யார் மண்ணில் பிறந்தவன்? கொல்லிமலைச் செம்மேட்டில் சிலையாக நிற்கிறானே வல்வில் ஓரி, அவன் மண்ணில். அவன் விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி என்று வரிசையாகச் சாய்த்துவிட்டு, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்தது என்று புறநானூற்றில் வன்பரணர் பாடி வைத்திருக்கிறார். இன்றைக்கும் ஆடிப் பெருக்கையொட்டி அவனுக்கு விழா எடுக்கிறோம், வில்வித்தைப் போட்டி வைக்கிறோம். அந்த வில்லை இழுத்து அசையாமல் நிறுத்துவது எது தெரியுமா? வெளியே புடைத்துத் தெரியும் புஜம் மட்டுமல்ல. தோள் மூட்டைச் சுற்றி மறைந்திருக்கும் நான்கு சின்னத் தசைகள்!

இடுப்பு மூட்டில் எலும்புப் பந்து ஆழமான கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. தோளில் அந்த வசதி இல்லை. தட்டில் வைத்த எலுமிச்சம்பழம்போல, ஆழமில்லாத குழியில் பெரிய பந்து. கையை எந்தத் திசையிலும் சுழற்ற முடிவது அதனால்தான். சட்டென்று கெட்டுப்போவதும் அதனால்தான். அந்த நான்கு தசைகளின் நுனிகளும் ஜவ்வாக மாறி, எலும்புத் தலையைச் சுற்றி ஒட்டிக்கொண்டு, பந்தைக் குழியைவிட்டு விலகாமல் பிடித்து வைத்திருக்கின்றன. அவற்றில் மேலே ஓடும் ஜவ்வுதான் பெரும்பாலும் முதலில் கிழிகிறது. எலும்பிலிருந்து முழுசாகக் கழன்ற ஜவ்வு தானாகத் திரும்பி வந்து ஒட்டுவதில்லை. தசை அதை உள்ளுக்குள் இழுத்துக்கொண்டே போகும். நாளாக ஆக அந்தத் தசை மெலியும், கொழுப்பு படியும். அதற்குமேல் எவ்வளவு கைராசியான டாக்டர் தைத்தாலும் பழைய பலம் திரும்புவது கஷ்டம். நீ திண்ணையில் உட்கார்ந்து இழப்பது இந்த நாட்களைத்தான், தம்பி! எண்ணெய் போட்டு நீவினால் இதமாக இருக்கலாம். அறுந்து விலகிய ஜவ்வை நீவி ஒட்ட வைக்க எந்தக் கையாலும் முடியாது.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஜவ்வு கிழிந்த எல்லாருக்கும் ஆபரேஷன் தேவையில்லை. வயதானவர்களில் பலருக்குக் கிழிசல் இருந்தும் வலியே இருக்காது. பாதிக் கிழிசலுக்குப் பல நேரம் மருந்தும் பிசியோதெரபியும் போதும். ஆனால் அடிபட்டுத் திடீரென்று அறுந்து, கையைத் தூக்கவே வரவில்லை என்றால் ஒரு வாரம்கூட வீணாக்காதே. எது உன் கேஸ் என்பதை எலும்பு டாக்டரும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் சொல்லட்டும்.

1909-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் எர்னஸ்ட் காட்மேன் என்ற டாக்டர் இப்படி அறுந்த தோள் ஜவ்வை எலும்போடு சேர்த்துத் தைத்தார். தோள்வலியை ஒரு பொருட்டாகவே பலர் எண்ணாத காலம் அது. அந்த மனிதரின் நெஞ்சுரத்தைக் கேள். ஆபரேஷன் செய்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு நோயாளியும் பிறகு எப்படி இருக்கிறார் என்று ஆஸ்பத்திரி தேடிப் பார்க்க வேண்டும், தோற்றதையும் வெளியே சொல்ல வேண்டும் என்று சக டாக்டர்களிடமே சண்டை போட்டார். 1915-ல் ஒரு கூட்டத்தில் அவர்களைச் சாடும் கேலிச்சித்திரத்தையே திறந்து காட்டினார். பதவி போனது, பகை வந்தது. அவர் நிறுத்தவில்லை. 1934-ல் தோளைப் பற்றி மட்டுமே ஒரு முழுப் புத்தகம் கொண்டுவந்தார். 1940-ல் இறந்தபோது அவர் கல்லறைக்கு ஒரு கல்கூட வைக்கப்படவில்லை. 2014-ல்தான் டாக்டர்கள் சேர்ந்து வைத்தார்கள். உன் தோளுக்காக முன்பின் தெரியாத ஒருவர் இவ்வளவு போராடியிருக்கிறார். உன் தோளுக்காக நீ மலையிறங்க மாட்டாயா?

இன்றைக்கு அந்த ஆபரேஷனைப் பெரும்பாலும் நுண்துளை வழியாகவே செய்கிறார்கள். தோளைச் சுற்றிச் சில துளைகள், ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான். ஒன்றின் வழியே மெல்லிய கேமரா போகும். உப்பு நீரைச் செலுத்தி உள்ளே இடத்தை விரிப்பார்கள். ஜவ்வு ஒட்டியிருந்த எலும்பின் மேல்பரப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்வார்கள். பிறகு நூல் கோத்த சின்னத் திருகு ஒன்றை எலும்பில் இறக்குவார்கள். ஆங்கர் என்பார்கள் அதை. அந்த நூலை ஜவ்வுக்குள் நுழைத்து, இழுத்து, பழைய இடத்தில் அழுத்தி முடிச்சுப் போடுவார்கள்.

டாக்டரின் வேலை அதோடு முடிந்தது. உன் வேலை அங்கேதான் தொடங்குகிறது! நூல் ஜவ்வைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். எலும்போடு அதை ஒட்ட வைக்க வேண்டியது உன் உடம்பு. அதற்கு மாதங்கள் பிடிக்கும். முதல் நாலிலிருந்து ஆறு வாரம் கையை ஸ்லிங்கில் போட்டுச் சும்மா இருக்க வேண்டும். மூட்டை தூக்கிப் பழகிய உனக்கு அந்தச் சும்மா இருப்பதுதான் பெரிய பாரம். தூக்கு! பிசியோதெரபிஸ்ட் சொன்ன நாளில் மேசையில் நல்ல கையை ஊன்றிக் குனி. மற்ற கையைத் தளர்த்தித் தொங்கவிடு. உடம்பை மெல்ல ஆட்டு, கை தானாக ஊசலாடட்டும். தோளால் ஆட்டிவிடாதே. காட்மேன் பேரில் இன்றும் வழங்கும் பயிற்சி இது. அப்புறம் சுவரில் விரல்களை ஊரவிட்டுக் கையை மேலே ஏற்ற வேண்டும். நேற்று எட்டிய இடத்தில் கரிக்கோடு போடு, அதைத் தாண்டப் பார். பலம் ஏற்றும் பயிற்சி மூன்று மாதத்தை ஒட்டித்தான் வரும். பாரமான வேலைக்கு ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். பீடியை இன்றே விடு, ஜவ்வு ஒட்டுவதை அது கெடுக்கும். சர்க்கரை இருந்தால் கட்டுக்குள் வை. அவசரப்பட்டு நடுவில் ஒரு பலாப்பழத்தைத் தூக்கினாய் என்றால் தைத்தது மறுபடி பிய்ந்துவிடலாம்.

சச்சின் டெண்டுல்கர் 2006-ல் லண்டனில் வலது தோளில் ஆபரேஷன் செய்துகொண்டபோது வயது 32. "இனி அவர் பழைய சச்சின் இல்லை" என்று பேசியவர்கள் உண்டு. அதே வருஷம் செப்டம்பரில் கோலாலம்பூரில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 141. 2010-ல் குவாலியரில் ஆட்டமிழக்காமல் 200. அவருக்குக் காசு இருந்தது என்பாய். இருந்தது. உடம்பு ஆறுகிற வேகத்தைக் காசு கொடுத்து வாங்க முடியாது, தம்பி. காத்திருப்பதும் தினம் பயிற்சி செய்வதும் அவருக்கும் உனக்கும் ஒன்றுதான்.

தங்கச்சி, உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தலை சீவ முடியாமல், ரவிக்கைக் கொக்கி மாட்ட முடியாமல், அதையும் வெளியே சொல்லாமல் குடம் தூக்கிக்கொண்டிருக்கிறாய். "நான் படுத்துட்டா சோறு யார் ஆக்குவா?" என்று கேட்கிறாய். வீட்டு ஆம்பளைங்க ஆக்கட்டும்! ஆறு வாரம் உலை வைத்தால் யார் கையும் தேய்ந்துவிடாது. உன் தோள் போனால் அந்த வீடே சாயும் என்று அவர்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் நீ சொல்!

கொண்டை ஊசி வளைவு எழுபதையும் கடந்து காரவல்லிக்கு இறங்க நீ இதுவரை பயந்ததுண்டா? மிளகு மூட்டையோடு எத்தனை தடவை இறங்கியிருப்பாய்! இந்தத் தடவை உனக்காக இறங்கு. செம்மேடு அரசு மருத்துவமனையில் முதலில் காட்டு. அங்கிருந்து நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ எழுதிக் கொடுத்தால் தள்ளிப்போடாமல் போ. குடும்ப அட்டை, ஆதார், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை மூன்றையும் கையோடு எடுத்துக்கொள். காப்பீட்டு அட்டை இல்லையென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்றுக்கு இன்றைக்கே எழுதிக் கொடு. உன் சிகிச்சை அந்தத் திட்டத்தில் வருமா என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் வாய்விட்டுக் கேள். டாக்டர் முன்னால் கூனிக் குறுகி நிற்காதே. "எனக்குக் கிழிசல் எவ்வளவு? ஆபரேஷன் இல்லாமல் சரியாகுமா? செய்தால் நான் எந்த மாதம் ஏணி ஏறலாம்?" என்று நிமிர்ந்து கேள். பதில் புரியவில்லையென்றால், புரியும்வரை இன்னொரு தடவை கேள்!