கேட்காத கேள்விக்கு வந்த பதில்

அவசரப் பிரிவில் இரவு வேலை. ஒன்பது வாரக் கர்ப்பம், அடிவயிற்று வலி, லேசான உதிரப்போக்கு. மிஸ்ஸி திரைச்சீலையை இழுத்துவிட்டார். நான் ஸ்கேன் மிஷினைக் கட்டிலருகே தள்ளிக்கொண்டு போனேன்.

அந்த நேரத்தில் நாங்கள் அதனிடம் கேட்பது இரண்டே கேள்விகள். கரு கருப்பைக்குள் இருக்கிறதா? வயிற்றுக்குள் ரத்தம் தேங்கியிருக்கிறதா? கரு குழாயில் தங்கி, குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் நடுவே ஒரு கறுப்புக் கோடு தெரிந்தால் போதும், ஆப்பரேஷனுக்கு ஓட வேண்டியதுதான். முன்பெல்லாம் இதற்காக நோயாளியை வேறொரு அறைக்கு அனுப்பிக் காத்திருப்பார்கள். இப்போது சில நிமிடங்கள்.

கறுப்புக் கோடு இல்லை. கரு உள்ளேதான் இருந்தது. துடிப்பைத்தான் காணவில்லை.

1950களில் கிளாஸ்கோவில் இயன் டொனால்ட் என்ற மகப்பேறு மருத்துவர், உலோகத்தில் விரிசல் தேடும் தொழிற்சாலைக் கருவியைக் கொண்டுதான் மனித உடலுக்குள் பார்க்கத் தொடங்கினார். இரும்போடு ஒரு வசதி உண்டு. சோதித்து முடித்ததும் அது நம் முகத்தைப் பார்க்காது.

“பிள்ள எப்படி இருக்கு டாக்டர்?”

“கரு கருப்பைக்குள்ளதான் இருக்கு. வயித்துல ரத்தக் கசிவு எதுவும் இல்ல.”

நான் ஜெல்லைத் துடைப்பதற்குள் கணவருக்குப் போன் போட்டுவிட்டார். “பயப்பட ஒண்ணும் இல்லையாங்க.”

நான் பொய் சொல்லவில்லை. துடிப்பு இல்லை என்று முடிவு சொல்ல, வயிற்றின்மேல் வைத்துப் பார்க்கும் என் ஸ்கேன் போதாது. பிறப்புறுப்பு வழியாகப் பார்த்தாலும், கருவின் நீளம் 7 மில்லிமீட்டருக்குக் குறைவென்றால் குறைந்தது ஒரு வாரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். விதிப்படி நான் சரி. ஆனால் ஒரு பொய்யை அவர் தானாகவே கட்டிக்கொள்ள இரண்டு உண்மைகளை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அதற்கு முன்பே திரையை என் பக்கம் திருப்பியிருந்தேன். கை அதைச் செய்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

மேலே மகப்பேறு மருத்துவர் விஷயத்தைச் சொன்னதும் அவர் முதலில் கேட்டதாம்: “கீழ இருந்த டாக்டர் ஒண்ணும் இல்லன்னு சொன்னாங்களே?”

“ஒரு மணி நேர நிம்மதி. அதையும் ஏன் பறிக்கணும்?” என்றார் உடன் வேலை செய்பவர். யாருடைய நிம்மதி? அவர் அழும்போது நான் அங்கே இல்லை. வேறு நோயாளியிடம் போய்விட்டேன்.

இப்போதெல்லாம் இப்படிச் சொல்கிறேன்: “துடிப்ப என்னால பார்க்க முடியல. அத உறுதியா சொல்ல இந்த ஸ்கேன் பத்தாது. மேல டாக்டர் பார்க்கட்டும்.” கேட்க நேர்மையாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படிச் சொல்லி அனுப்பிய ஒரு பெண்ணுக்கு மேலே துடிப்பு நன்றாகவே தெரிந்தது. இரண்டு மணி நேரம் அவரை வீணாக அழ வைத்தது நான்தான். லிஃப்ட் அருகே என்னைப் பார்த்ததும் அவருடைய அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அடுத்து வந்தவரிடமும் அதையேதான் சொன்னேன்.