யாருடைய கணக்கில் நன்மை?

இயற்கையைப் பார்த்துக் கற்றுக்கொள் என்று பெண்களுக்கு அறிவுரை சொல்லப்படும்போதெல்லாம் எனக்குச் சந்தேகம் வருகிறது. இப்போது அந்த அறிவுரை நுண்ணுயிர்வரை வந்துவிட்டது. "கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாகூட உடம்போட ஒத்துப்போய் வாழுது. நீ கொஞ்சம் அனுசரிச்சுப் போகக் கூடாதா கண்ணு?" பாக்டீரியா ஒத்துப்போவது உண்மைதான். அது எப்படி நடக்கிறது, அதற்கு என்ன விலை என்று பார்த்துவிட்டு அறிவுரைக்கு வருவோம்.

சேலம், நாமக்கல் பக்கம் அவரை போடுகிறவர்களுக்கு அசுவினியைத் தெரியும். கொடியின் நுனியில் கறுப்பாக அப்பிக்கொண்டு சாறு உறிஞ்சும். பெரும்பாலும் எல்லாமே பெண்பூச்சிகள். ஆணில்லாமலே குட்டி போடும். அவை குடிக்கும் சாற்றில் சர்க்கரை நிறைய உண்டு. உடல் வளரத் தேவையான அமினோ அமிலங்கள் சில மிகக் குறைவு. அந்தக் குறையை நிரப்புவது, அசுவினியின் உடலுக்குள் தனிச் செல்களில் குடியிருக்கும் புக்னெரா என்ற பாக்டீரியா. குட்டி தாயின் வயிற்றில் இருக்கும்போதே அது போய்ச் சேர்ந்துவிடுகிறது. 15 கோடி ஆண்டுகளுக்கு மேலாக இப்படித் தாய்வழியாக வருகிறது.

இதில் பாசம் ஏதுமில்லை. அசுவினி செத்தால் உள்ளிருக்கும் பாக்டீரியாவும் சாகும். ஆகவே அசுவினியை வாழவைத்த பாக்டீரியாவுக்குத்தான் வாரிசு மிஞ்சியது. உள்ளேயே இருந்துவிட்டதால், வெளியே பிழைக்க உதவிய மரபணுக்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. பட்டாணி அசுவினியின் புக்னெராவை 2000இல் முழுதாகப் படித்தபோது அதன் மரபணுத் தொகுதியில் சுமார் 6.4 லட்சம் எழுத்துகளே இருந்தன. அதற்கு உறவான ஈ.கோலைக்கு ஏறத்தாழ 46 லட்சம். சிறு கூட்டமாக, அடைபட்டபடியே தலைமுறை தலைமுறையாகக் கடத்தப்படும் உயிரில் பழுதுகள் சேர்ந்துகொண்டே போகும் என்று உயிரியலாளர் நான்சி மோரன் விளக்கினார். புக்னெராவால் இனி வெளியேற முடியாது.

எல்லாக் கூட்டும் இப்படியில்லை. நாட்டுக்கோழிக் குஞ்சு தாயோடு குப்பை கிளறி, தாயின் எச்சம் பட்ட மண்ணைக் கொத்தித்தான் தன் குடலுக்கான பாக்டீரியாக்களைப் பெறுகிறது. அவை நார்ச்சத்தை நொதிக்கவைத்துக் கோழிக்கு ஆற்றல் தருகின்றன. சால்மொனெல்லா போன்ற கிருமிகளுக்கு இடம் கொடுப்பதில்லை. இவற்றில் பல வகைகள் எச்சத்திலும் மண்ணிலும் தாக்குப்பிடித்து இன்னொரு கோழிக்குப் போகக்கூடியவை. போக்குவரத்து உள்ள கூட்டு இது.

இன்குபேட்டரில் 21 நாளில் பொரியும் குஞ்சு தாயைப் பார்ப்பதே இல்லை. வளர்ந்த கோழியின் குடலில் இருப்பதை எடுத்துப் புதுக்குஞ்சுகளுக்குக் கொடுத்தால் அவை சால்மொனெல்லாவைத் தாங்கி நிற்கின்றன என்று 1973இல் பின்லாந்தின் நூர்மியும் ரண்டாலாவும் காட்டினார்கள். தாய்க்கோழி கூலியில்லாமல் செய்துவந்த வேலை, அவளை எடுத்துவிட்ட பிறகுதான் வேலையாகத் தெரிந்தது. இந்தியப் பண்ணைகளிலோ ஆன்டிபயாட்டிக் புழங்கியது. மனிதருக்குக் கடைசி மருந்தாகக் கைவசம் வைத்திருக்கும் கொலிஸ்டினை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கொடுக்கக் கூடாதென்று அரசு தடை செய்தது 2019இல்தான்.

பரிணாமக் கணக்கில் நன்மை என்றால் எத்தனை வாரிசு மிஞ்சியது என்பதுதான். அந்தக் கணக்கின்படி மனிதரோடு சேர்ந்ததில் கோழிக்குப் பெரிய லாபம். உலகில் 2,000 கோடிக்கு மேல் கோழிகள் இருக்கின்றன. நாமக்கல் பண்ணைக் கூண்டில் ஓர் ஏ4 தாள் அளவு இடம்கூட இல்லாமல் நிற்கும் முட்டைக்கோழியும் அந்த லாபத்தில் சேர்த்தி. முட்டை குறையக் கூடாதென்று அடைகாக்கும் குணத்தையே அந்த இனத்திலிருந்து ஏறக்குறைய எடுத்துவிட்டார்கள். புக்னெராவுக்கு நேர்ந்ததே கோழிக்கும் நேர்ந்திருக்கிறது. ஆனால் கோழிக்கு வலி தெரியும். அதை எழுத வாரிசுக் கணக்கில் இடமில்லை.

நம் வீடுகளிலும் இதே கணக்குதான் ஓடுகிறது. முப்பது வருஷம் குடித்தனம் நடந்தது, பிள்ளைகள் ஆளானார்கள், ஆகவே நல்ல கல்யாணம் என்கிறோம். அந்த முப்பது வருஷத்தில் அவள் வேலையை விட்டாள். நிலம் அவள் பேரில் எழுதப்படவில்லை. சிநேகிதிகளின் வீடுகளுக்குப் போவது நின்றது. தனியாக பஸ் ஏறும் பழக்கமும் போனது. எல்லாம் உதிர்ந்தபின் அவள் அங்கேயே இருப்பதற்கு ஒத்துப்போதல் என்று பேர் வைக்கிறோம்.

அப்படியானால் சார்ந்து வாழ்வதே தப்பா? இல்லை. கைக்குழந்தையும் சார்ந்திருக்கிறது, படுத்துவிட்ட கிழவியும் சார்ந்திருக்கிறாள். நம் குடலின் பாக்டீரியாக்கள் இல்லாமல் நமக்கும் சுகமில்லை. சார்பை வெறுக்கும் பெண்ணியம் எனக்கு வேண்டாம். ஒரு கூட்டை நல்லது என்று சொல்வதற்கு முன் இரண்டு கேள்விகளுக்குப் பதில் வேண்டும். இதில் யார் வெளியேறினால் பிழைக்க முடியாது? நன்மையை எண்ணுகிறவர் யார்?

புக்னெரா உதிர்த்த மரபணுக்கள் திரும்பப்போவதில்லை. அதற்கு அது வருந்தவும் தெரியாது. பெண்ணிடமிருந்து போனவை மரபணுவில் இல்லை. வேலை, தன் பேரில் ஒரு சென்ட் நிலம், பஸ்ஸுக்குக் கையில் காசு: இவற்றைத் திரும்ப வாங்கலாம். வாங்கிய பிறகும் அவள் அந்த வீட்டில் இருக்க விரும்பினால், அதை ஒத்துப்போதல் என்று தாராளமாகச் சொல்லுங்கள்.