செய்யப்படாத பணிவிடை யார் குற்றம்?

கடமையில் தவறியவர் குற்றவாளி என்பது உலகம் ஒப்புக்கொண்ட நியதி. ஆனால், ஒருவரால் செய்து முடிக்கவே இயலாத அளவுக்குக் கடமைகளை அவர்மீது சுமத்திவிட்டு, அவற்றுள் சில விடுபட்டுப் போகுமானால், அந்தக் குற்றம் யாரைச் சாரும்? சுமந்தவரையா, சுமத்தியவரையா? செவிலியர் பணி பற்றிய அண்மைக்கால ஆராய்ச்சிகள் இந்தப் பழைய வினாவை நம்முன் மீண்டும் நிறுத்துகின்றன.

அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியை பியாட்ரிஸ் கேலிஷ், மருத்துவமனைகளில் அன்றாடம் விடுபட்டுப்போகும் பணிவிடைகள் எவை என்று செவிலியர்களிடமே கேட்டறிந்து 2006ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஒன்பது வகைப் பணிகள் தெரியவந்தன. படுக்கையில் கிடப்பவரைப் புரட்டிப் படுக்க வைத்தல், கைப்பிடித்து நடக்கச் செய்தல், நேரத்தோடு உணவூட்டுதல், உடலைத் தூய்மை செய்தல், வீடு திரும்புபவருக்கு வேண்டியவற்றை எடுத்துரைத்தல், ஆறுதல் கூறல் ஆகியன அவற்றுள் சில. கூர்ந்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். ஊசி போடாவிட்டால் ஏட்டில் தெரிந்துவிடும், மருத்துவர் கேட்பார். நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கவில்லையே என்று கேட்பார் எவருமிலர். சில நாட்கள் சென்று முதுகில் படுக்கைப்புண் தோன்றும்போதுதான் அது வெளிப்படும். நேரம் போதாதபோது முதலில் கைவிடப்படுவது ஏட்டில் ஏறாத பணியே. நாம் இரக்கம் என்று போற்றுவதில் பெரும்பகுதி அதுவன்றோ!

மனமிருந்தால் போதாதா, நேரமென்ன நேரம் என்று கேட்பவர்கள் உண்டு. போதாது என்றே ஆய்வுகள் கூறுகின்றன. பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து, லிண்டா எய்க்கன் என்னும் அறிஞரும் அவருடைய குழுவினரும் 2002ஆம் ஆண்டில் ஒரு கணக்கை வெளியிட்டனர். அறுவைச் சிகிச்சை பெற்றவர்களைக் கவனிக்கும் செவிலியர் ஒருவருக்கு ஒரு நோயாளி கூடும்போதெல்லாம், முப்பது நாட்களுக்குள் மரணம் நேரும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடியிருந்தது. ஐரோப்பாவில் ஒன்பது நாடுகளின் 300 மருத்துவமனைகளில் நடந்து, 2014இல் வெளிவந்த ஆய்விலும் ஏறத்தாழ அதே அளவு கிடைத்தது. செவிலியர்களுள் பட்டம் பெற்றோர் பங்கு 10 விழுக்காடு உயர்ந்தால் மரண வாய்ப்பு 7 விழுக்காடு குறைந்திருந்ததாகவும் அது காட்டியது. நர்ஸ் வேலைக்குப் பட்டப்படிப்பு எதற்கு என்று ஏளனம் பேசுவோர் இதை ஊன்றிப் படிக்க வேண்டும். நோயாளியின் முகம் வெளுப்பதையும் மூச்சு மாறுவதையும் கண்டு, அதன் பொருளை உணர்ந்து, மருத்துவரை உரிய நேரத்தில் எழுப்புவதற்குக் கண் மட்டும் போதாது, கல்வியும் வேண்டும்.

இரண்டு சேர்ந்து காணப்படுவதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது என்பர் சிலர். நியாயமான எச்சரிக்கைதான். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் இதைச் செயலில் சோதித்தது எனலாம். 2016ஆம் ஆண்டில் அம்மாநில அரசு, குறிப்பிட்ட பொது மருத்துவமனைகளில் பகலில் சராசரியாக 4 நோயாளிக்கு ஒருவர், இரவில் 7 பேருக்கு ஒருவர் எனச் சட்டமாக்கியது. அதன்பின் அம்மருத்துவமனைகளில் மரணங்கள் குறைந்ததை 2021இல் வெளியான ஆய்வு கண்டது. கூடுதல் செவிலியர்களுக்கான செலவைப்போல் இரு மடங்குக்கும் மேலாகச் சிக்கனமும் ஏற்பட்டதாக அது மதிப்பிட்டது.

விளக்கேந்திய மாதரசி என்று நாம் பாடப்புத்தகத்தில் படித்த ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலும் கணக்கில் வல்லவர். கிரிமியப் போரில் மாண்ட வீரர்களின் எண்ணிக்கையை 1858ஆம் ஆண்டில் வரைபடங்களாக்கி, பெரும்பாலோரைக் கொன்றது பகைவர் ஆயுதமன்று, தடுத்திருக்கக்கூடிய நோயே என்று ஆட்சியாளர்களுக்கு எடுத்துக்காட்டினார். விளக்கை நினைவில் வைத்த உலகம் கணக்கை மறந்தது ஏனோ! விளக்கைப் புகழ்வதற்குச் செலவில்லை என்பதாலோ?

புகழ்ச்சி வேறு, மதிப்பு வேறு. அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅது இப்னு முஆது (ரலி) அவர்களை, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ருஃபைதா (ரலி) அம்மையாரின் கூடாரத்தில் சேர்ப்பிக்கச் செய்தார்கள். அக்கூடாரம் இருந்த இடம் மதீனத்துப் பள்ளிவாசல். காயம்பட்டோருக்குப் பணிவிடை செய்த பெண்மணிக்கு வாழ்த்துரை மட்டுமா கிடைத்தது? இடம் கிடைத்தது, அதுவும் சமுதாயத்தின் நடுநாயகமான இடம்.

நம் நாட்டில் பொது மருத்துவமனையில் 5 நோயாளிக்கு ஒரு செவிலியர், பயிற்சி மருத்துவமனையில் 3 பேருக்கு ஒருவர் என்பது இந்தியச் செவிலியர் மன்றம் வகுத்த அளவு. நடைமுறை என்னவென்பதை வார்டுக்குள் நுழைந்த எவரும் அறிவர். ஊதியத்திற்கோ உச்ச நீதிமன்றம் வரை செல்ல வேண்டியிருந்தது. 2016ஆம் ஆண்டில் அதன் ஆணைப்படி அமைந்த குழு, ஐம்பது படுக்கைகளுக்கும் குறைவான தனியார் மருத்துவமனையில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறைவாகத் தரலாகாது என்று பரிந்துரைத்தது. இதனை ஏற்கத் தயங்குவோர் வாயில்தான் சேவை என்ற சொல் அடிக்கடி வருகிறது. மனமுவந்து செய்பவர் தம் பணியைச் சேவை என்றால் அது உயர்ந்த சொல். கூலியைக் குறைப்பவர் சொன்னால் அது பிறர் ஹக்கை மறைக்கும் திரை.

நம் இல்லங்களிலும் ஒரு முரண்பாடு உண்டு. வீட்டுப் பெண்கள் நோயுற்றால் பெண் செவிலியர்தான் தொட வேண்டும் என்று வற்புறுத்துகிறோம். வீட்டுப் பெண் செவிலியர் படிப்புக்கு விண்ணப்பம் வாங்கி வந்தாலோ, இரவு வேலை, அந்நிய ஆடவரைத் தொட நேரும், சம்பந்தம் அமையாது என்று பல குடும்பங்களில் அதை மடித்து வைத்துவிடுகின்றனர். அப்படியானால் இரவு வேளையில் நம் தாயாரின் அருகே நிற்க வேண்டியவர் யாருடைய மகள்?

பெரியவர்களை மருத்துவமனையில் சேர்க்கும்போது அறை வாடகையையும் மருத்துவரின் பெயரையும் விசாரிக்கிறோம். இரவில் இந்த வார்டில் ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள் என்றும் கேட்கலாம். விடை பத்தென்றோ பதினைந்தென்றோ வருமானால், மணியடித்தும் வரவில்லையே என்ற முறையீட்டை, ஓடிக்கொண்டிருக்கும் அந்தப் பெண்ணிடம் அன்று, கீழ்த்தளத்து நிர்வாக அறையில் சொல்ல வேண்டும்.