‘பேசாம ஃபார்மட் அடிச்சிடு’

கணினி மக்கர் செய்தால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கடை அல்ல, ‘கம்ப்யூட்டர் தெரிந்த’ ஒரு நண்பர்தான். அவர் வங்கியில் வேலை பார்க்கலாம், பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கலாம். எப்போதோ யாருக்கோ ஓஎஸ் போட்டுக் கொடுத்தார் என்ற ஒரு தகுதி போதும். ஞாயிற்றுக்கிழமை மதியம் கணினியோடு அவரிடம் ஆள் வந்துவிடும். “ரொம்ப ஹேங் ஆகுதுடா, பேசாம ஃபார்மட் அடிச்சிடு” என்ற யோசனையும் கூடவே வந்துவிடும். மருந்துச் சீட்டை நோயாளியே எழுதிக்கொண்டு வருகிற மாதிரி.

அந்த அவசரத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. கோளாறின் காரணத்தைத் தேடப் புகுந்தால் எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. பென்டிரைவிலிருந்து விண்டோஸ் போடுவது பெரும்பாலும் ஒரு மணி நேர வேலை. கடைக்காரருக்கு நேரம்தான் கூலி என்பதால் அவர் அழித்துப் போடுவதைக் குறை சொல்லிப் பயனில்லை. நண்பருக்கு மீட்டர் ஓடுவதில்லை. காரணம் தேடும் சொகுசு அவருக்குத்தான் உண்டு.

தேடினால் பல சமயம் குற்றவாளி விண்டோஸாகவே இருக்காது. சிபியுவின் பக்க மூடியைத் திறந்து, ரேமின் கிளிப்பை அழுத்திக் கழற்றி, அதன் அடியிலுள்ள பொன்னிறப் பட்டைகளைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, ‘டக்’கென்று சத்தம் வரும்வரை திரும்ப அழுத்துவது சென்னை ரிச்சி தெருப் பக்கம் சகஜமாகப் பார்க்கக்கூடிய வைத்தியம். படிந்த கருமை போனதும் செத்துக் கிடந்த இயந்திரம் எழுந்து உட்காருவது உண்டு. அது இல்லையென்றால் விசிறியை அடைத்திருக்கும் தூசு. சூடு ஏறினால் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், எல்லை மீறினால் அணைந்துபோகும். அதுவும் இல்லையென்றால் ஹார்டு டிஸ்கில் பழுதான பகுதி, அதாவது பேட் செக்டர். இவற்றுக்கெல்லாம் எத்தனை முறை ஓஎஸ் போட்டாலும் சில நாள் நிம்மதிதான்.

2024 ஜூலை 19 அன்று உலகெங்கும் விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் வங்கிகளும் நீலத்திரையில் உறைந்து நின்றன. இந்தியாவில் சில பயணிகளுக்குப் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். மைக்ரோசாஃப்டின் கணக்குப்படி பாதிக்கப்பட்டவை சுமார் 85 லட்சம் கணினிகள். கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு பிழையான அப்டேட்தான் அத்தனைக்கும் காரணம். சேஃப் மோடில் நுழைந்து அந்த அப்டேட்டில் வந்த கோப்பை மட்டும் அழித்தால் இயந்திரம் எழுந்துவிடும். காரணம் தெரியாமல் இருந்திருந்தால் எத்தனை பேர் ஃபார்மட் அடித்திருப்பார்கள்!

2003 ஆகஸ்டில் பரவிய பிளாஸ்டர் புழு வேறு விதம். திரையில் ஒரு பெட்டி தோன்றி 60 விநாடியிலிருந்து கீழிறங்கி எண்ணும், கணினி தானாக அணைந்து மறுபடி தொடங்கும். பலர் வெறுத்துப்போய் சிடியைப் போட்டு விண்டோஸ் எக்ஸ்பியைப் புதிதாக நிறுவினார்கள். புழு நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் ஜூலையிலேயே வெளியிட்டிருந்தது. ஆனால் கையிலிருந்த சிடியோ அதற்கு முந்தையது. திருத்தத்தை இறக்க இணையத்தில் இணைத்தால், இறங்கி முடிவதற்குள் புழு மறுபடி உள்ளே. ஃபயர்வாலை முதலில் இயக்கிவிட்டு இணைத்தவர்கள் தப்பினார்கள். புத்தம்புதிதாக்கிய கணினி பழைய ஓட்டையோடுதான் பிறந்தது. வேலையை விட்டு, ஊரை மாற்றி, ஒரு உறவை அறுத்துக்கொண்டு ‘ஃபிரெஷ்ஷா ஆரம்பிக்கிறேன்’ என்பவர்களின் பையிலும் இப்படியொரு பழைய சிடி இருப்பது உண்டு.

அதற்காக அழிக்கவே கூடாது என்பதில்லை. வைரஸ் ஆழமாக ஊடுருவிய கணினியில் நல்ல கோப்பு எது, கெட்டது எது என்று சலித்துக்கொண்டிருப்பது வீண் வேலை. அங்கே ஃபார்மட்தான் யோக்கியமான வைத்தியம்.

ஆனால் எதையெல்லாம் எடுத்து வைப்பது? இதற்கு உரிமையாளருக்கே விடை தெரியாது. “முக்கியமா ஒண்ணும் இல்லடா, போட்டோ மட்டும் எடுத்து வை” என்பார். போட்டோவும் டாக்குமெண்ட்ஸும் பத்திரமாக நகலாகும். மறுநாள் அப்பா தட்டச்சு செய்து வைத்த பாகப்பிரிவினைப் பத்திர வரைவைத் திறந்தால் திரை முழுக்க ஆங்கில எழுத்துகள் சிதறிக் கிடக்கும். பாமினி எழுத்துருவில் அடித்தது அது. அதில் ‘தமிழ்’ என்று அடித்தால் கணினிக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி, அவ்வளவுதான். எழுத்துரு இருக்கும்வரைதான் அது தமிழ். விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் கிடந்த அதைச் சொத்தென்று யாரும் நினைக்கவில்லை.

பாமினியைத் தேடி இறக்கிப் போட்டால் பத்திரம் மீண்டுவிடும். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளுக்கும் கணக்கு மென்பொருளின் லைசென்ஸுக்கும் அப்படி வழி கிடைப்பது கடினம். பழைய ஹார்டு டிஸ்கில் விரைவு ஃபார்மட் கோப்புகளின் அட்டவணையை மட்டுமே புதிதாக எழுதும். மேலே வேறொன்று எழுதப்படும்வரை தரவு அங்கேயே கிடக்கும், மீட்க ஓரளவு வாய்ப்புண்டு. எஸ்எஸ்டியில், அழித்த இடத்தைக் காலி செய்யச் சொல்லும் டிரிம் கட்டளை ஓடிவிட்டால் அந்த நம்பிக்கையையும் விட்டுவிட வேண்டியதுதான். விவரமான நண்பர்கள் பழைய டிஸ்கைத் தொடுவதே இல்லை. புது எஸ்எஸ்டி வாங்கி வரச் சொல்லி அதில் ஓஎஸ் போட்டுவிட்டு, கழற்றிய டிஸ்கில் தேதி எழுதி ஒட்டி உரியவர் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். “ஆறு மாசம் இதுல எதையும் தேடலைன்னா, அப்புறம் நீயே அழிச்சுக்கோ.”