செய்கூலி

மைப்பேனாப் பித்துப் பிடித்தவர்கள் நாலு பேர் கூடினால் திருவள்ளூர்ப் பேச்சு வராமல் போகாது. கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர்தான் எபோனைட். அதைப் பட்டறையில் ஒவ்வொன்றாகக் கடைந்து செய்யும் பேனாக்கள் அங்கிருந்து பல நாடுகளுக்குப் போகின்றன. கையில் எடுத்தவர்கள் புகழ்வார்கள். புகழ்ச்சி பெரும்பாலும் விலையில் போய் முடியும். ‘இந்த விலைக்கு இப்படியொரு பேனாவா!’ அடுத்த ஆண்டு விலை கொஞ்சம் ஏறட்டும், அதே வாய் முணுமுணுக்கும்: ‘இந்தியாவிலிருந்து வருவதற்கு இவ்வளவா?’

இந்தப் பேனாக்கள் பலவற்றில் இருக்கும் நிப்பு ஜெர்மனியில் செய்தது. ஹைடல்பெர்க்கின் போக், பெர்லினின் யோவோ. நிப்பின் விலையில் யாரும் பேரம் பேசுவதில்லை. குறைத்துக் கேட்பதெல்லாம் கடைந்தவரின் கூலியைத்தான். நகைக்கடையில் தங்கத்தின் விலைக்குத் தலையாட்டிவிட்டுச் செய்கூலிக்கு மல்லுக்கு நிற்கும் நம் பழக்கம் கடல் தாண்டியும் கூடவே வந்திருக்கிறது.

‘அங்கே அது பெரிய காசு’ என்பார்கள். பொய்யில்லை. வாடகையும் சாப்பாடும் அங்கே மலிவுதான். ஆனால் செலவு குறைவாக இருக்கும் ஊரில் வாழ்வதன் ஆதாயம் ஏன் வாங்குபவருக்கே முழுதாகச் சேர வேண்டும்? என் தொழிலான மென்பொருளில் இந்தக் கணக்குக்கு ஒரு கட்டண அட்டையே உண்டு. ஒரே வேலைக்குச் சென்னையில் ஒரு மணிக்கு ஒரு தொகை, இங்கே அதைப்போல் பல மடங்கு. அட்டையின் கீழ்வரிசையில் இருந்த காலத்தில் நம்மில் பலர் அதை அநியாயம் என்றோம். மேல்வரிசைக்கு வந்ததும் அது சந்தை விதியாகிவிட்டது.

தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்காளராகி, கொலம்பியாவில் படித்துவிட்டுத் திரும்பிய ஜே. சி. குமரப்பா இதை வாங்குபவரின் பொறுப்பாகவும் பார்த்தார். ஒரு பொருள் எப்படிச் செய்யப்பட்டது என்பதில் காசு கொடுப்பவருக்கும் பங்குண்டு என்பது அவர் கட்சி. (1935-ல் ராஜமுந்திரியின் ரத்னம் பேனா காந்தியிடம் போய்ச் சேர்ந்ததும் அவர் கைவழியாகத்தான்.)

இதற்காக ‘சிறுதொழிலை ஆதரிப்போம்’ என்று கிளம்புவதும் எனக்கு உவப்பில்லை. ஆதரவு என்ற சொல்லில் ஒரு மேட்டிமை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஜெர்மன் பேனா மை கசிந்தால் உடனே திருப்பி அனுப்புகிறோம். ஊர்ப் பேனா கசிந்தால், பாவம் கைவேலை என்று மேசை இழுப்பறையில் போட்டுவிடுகிறோம். செய்தவரைத் தொழிலாளியாக மதிக்காததில் பேரத்துக்கும் இந்த இரக்கத்துக்கும் அதிக வித்தியாசமில்லை. கசிந்தால் சொல்ல வேண்டும், சரிசெய்து தரக் கேட்க வேண்டும். முழு விலை கொடுத்தவர்தான் அப்படிக் கூசாமல் கேட்க முடியும்.

விலையைக் கேட்டதும் மனத்துக்குள் ரூபாயாக மாற்றிப் பார்க்கிறோமே, அதை மட்டும் விட்டுவிட்டு, கையிலிருக்கும் இந்தப் பேனா இவ்வளவு பெறுமா என்று பார்க்கலாம். சில பேனாக்கள் பெறாது. அவற்றை வாங்க வேண்டாம்.