தழும்பில்லாத நோ

"போன வெள்ளிக்கிழமை அன்னதானச் சமையலில் நல்லாத்தானே நின்றவ, இன்றைக்கு என்ன நோ?" என்று என் மனைவியைப் பற்றி ஓர் அன்பர் கேட்டார். அவரில் குறை சொல்ல மாட்டேன். அதே கேள்வியை ஒரு வருடமாக வீட்டில் நானே கேட்டு வந்தவன்.

2021 தை மாதம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கொரோனா வந்தது. நானும் பிள்ளைகளும் தேறிவிட்டோம். அவருக்கு மட்டும் தொடை உளைவும் பாத எரிவும் விட்டுவிட்டு வருகின்றன. கொஞ்சம் கூடுதலாக வேலை செய்தால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மறுநாளோ அதற்கடுத்த நாளோ படுக்கையில் விழுத்திவிடும். இரத்தப் பரிசோதனைகளில் ஒரு குறையும் இல்லை. நானோ கணக்காளன், பற்றுச்சீட்டு இல்லாத செலவை ஏற்றுப் பழகாதவன். "றிப்போட் எல்லாம் சரியாய்த்தானே இருக்கு, நீர் யோசிக்கிறதாலதான் நோகுது" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன்.

"அப்ப நான் பொய் சொல்லுறன் எண்டுறீங்களோ?" என்றார்.

2010இல் அகதி விசாரணையில், மொழிபெயர்ப்பாளரை நடுவில் வைத்துக்கொண்டு, அடித்ததற்குத் தழும்பு எங்கே என்று என்னிடம் கேட்டார்கள். மண் நிரப்பிய எஸ்லோன் குழாயால் அடி வாங்கியவர்களுக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று விளங்கும். அந்த நாற்காலியில் இருந்து எழும்பி வந்தவன், பதினொரு வருடம் கழித்து மேசையின் மற்றப் பக்கத்தில் இருந்திருக்கிறேன்.

இது என் வீட்டில் மட்டும் நடந்ததல்ல. 1955இல் லண்டன் றோயல் ஃபிறீ மருத்துவமனையில் ஏறத்தாழ 300 ஊழியர்கள் தசை நோவும் பலவீனமுமாக விழுந்தார்கள். வைரஸ் என்று ஐயுற்றார்கள், கிருமி பிடிபடவில்லை. 1970இல் இரண்டு மனநல மருத்துவர்கள் பழைய பதிவேடுகளைப் புரட்டி, அது கூட்டு மனப்பதற்றம் என்று எழுதினார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெண்கள் அதிகம் என்பதும் அதற்கு ஒரு காரணமாகக் காட்டப்பட்டது. கொரோனாவுக்குப் பின் நீடிக்கும் நோய்க்கு 2020இல் முதலில் பெயர் வைத்தவர்களே நோயாளிகள்தான். அது வந்தும் போயும் இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021 ஒக்டோபரில் தன் வரைவிலக்கணத்தில் எழுதியது.

நோ என்று பொய் சொல்பவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எங்கள் தொழிலிலேயே ஐயக்கடன் ஏற்பாடு என்று ஒன்று இருக்கிறது. அதற்குப் பற்றுச்சீட்டு கிடையாது. தொகையும் மதிப்பீடுதான். அதற்காக அதை விட்டுவிட்டால் ஐந்தொகை பொய்யாகிவிடும். இதைப் பல்கலைக்கழகத்தில் படித்தும் வீட்டுக்குக் கொண்டுவர எனக்கு இவ்வளவு காலம் எடுத்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் வருவாரா என்று அவருக்கே தெரியாது. வந்தால், மரக்கறி வெட்டுகிற இடத்தில் ஒரு கதிரை போட்டுக் கொடுங்கள்.